கண்ணாடி முன் நின்றது போதும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஜிம்மில் சேர்வது மும்பைத் தமிழ்ப் பையன்களிடம் நெடுநாள் வழக்கம். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் கீழே தையல் கூடம் ஓடும். இரும்பு ஏணியில் ஏறிப் போனால் தகரக் கூரைக்குக் கீழே டம்பெல்களும் ஒரு பெஞ்சும் கிடக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அதே ஜிம் ஏ.சி.யோடும் பாட்டோடும் இருக்கும், மாதக் கட்டணம் பல மடங்கு. இரண்டுக்கும் பொதுவானது சுவரை அடைத்து நிற்கும் கண்ணாடி. ஒவ்வொரு செட் முடிந்ததும் பையன் அதைத்தான் பார்க்கிறான்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இவர்களில் பலருக்கு ஒரு சலிப்பு வருகிறது. கை பருத்தாயிற்று, மார்பு விரிந்தாயிற்று, பெஞ்ச் பிரஸ்ஸில் தன் எடையைவிடக் கூடுதலாகவே தூக்கியாயிற்று. அடுத்து என்ன? இன்னும் ஐந்து கிலோ. அதற்கடுத்து? மறுபடியும் ஐந்து கிலோ. வேலை, லோக்கல் ரயில், ஜிம், தூக்கம் என்று ஓடும் வாழ்க்கையில் அந்த ஐந்து கிலோ மனத்தை நிறைப்பதில்லை. நான் செம்பூரில் வளர்ந்தவன். என் வயதொத்தவர்களிடமும் எனக்குப் பின்னால் வந்தவர்களிடமும் இந்தச் சலிப்பைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் குத்துச்சண்டைப் பக்கம் போனார்கள். போன இடத்தில் வேரும் விட்டார்கள். அங்கே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது பேசப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பளுதூக்குதலை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலூரின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அவர் செய்தது நுட்பமும் வேகமும் துணிவும் வேண்டிய விளையாட்டு. ஆனால் நம் ஜிம்களில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல; தசையைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் வேலை. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள். உடம்பு கூறு கூறாக வளர்கிறது. அதை ஒன்றாகத் திரட்டி ஒரு காரியத்துக்குப் பயன்படுத்த அங்கே வேலையே இல்லை.

குத்துச்சண்டை முதல் வாரத்திலேயே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். நூறு கிலோ தூக்குகிற பையனை கார்டு போட்டு, அதாவது இரண்டு கையையும் கன்னத்தருகே உயர்த்தி, மூன்று நிமிடம் நகரச் சொன்னால் இரண்டாவது நிமிடத்தில் கை தானாக இறங்குகிறது. காரணம் எளிது. எடை தூக்குகிறவர் சில விநாடிகள் முழு பலத்தையும் போட்டுவிட்டு இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வெடுக்கிறார். குத்துச்சண்டைக்காரருக்கு மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. 1867இல் வெளியான குயின்ஸ்பெர்ரி விதிகள் வகுத்துத் தந்த கணக்கு இது. இன்றும் ஒலிம்பிக்கில் மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். இரும்பு பழகிய உடம்புக்கு இந்தக் கணக்கு தலைகீழ்.

மூச்சும் அப்படித்தான். கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவோம். இங்கே மூச்சை அடக்கினால் அரை ரவுண்டில் முடிந்தது கதை. ஒவ்வொரு குத்துக்கும் ‘ஸ்ஸ்’ என்று சிறு மூச்சு வெளியே போயாக வேண்டும். குத்து கையிலிருந்து கிளம்புவதும் இல்லை. பின்கால் பாதத்தின் முன்பகுதி தரையைத் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் தொடர்கிறது, கடைசியில்தான் முஷ்டி வருகிறது. அதுவும் படுகிற கணத்தில் மட்டும் இறுகும். அதற்கு முன்பே இறுகினால் குத்து வேகமிழந்துவிடும். வருடக்கணக்காகத் தசையை இறுக்கியே பழகியவர், தளர்த்துவது எப்படி என்று முதல் தடவையாக இங்கேதான் கற்றுக்கொள்கிறார்.

பெருத்த உடம்பு இங்கே பெருமையும் அல்ல. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான எடைப் பிரிவுகள் 51, 57, 63.5, 71, 80, 92, அதற்கு மேல் என ஏழு. 63 கிலோவில் இருக்கும் ஒருவர் கைக்கும் மார்புக்கும் அழகாக நான்கு கிலோ சேர்த்தால் 71 கிலோ பிரிவுக்குப் போய்விடுவார். அங்கே அவரைவிட உயரமான, கை நீண்ட ஆட்கள் நிற்பார்கள். மும்பையில் வாடகைக்குக் குடியிருக்கிறவர் கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடக்கணக்குப் பார்ப்பது போல, குத்துச்சண்டைக்காரர் தன் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் உடம்பின் கதை. மனநிறைவு வருவது வேறு இடத்திலிருந்து. இரும்பு திருப்பி அடிக்காது. குத்துச்சண்டையில் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். அவருக்கும் பயம் உண்டு, திட்டம் உண்டு, களைப்பு உண்டு. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் தன்னைப் பார்த்துக்கொள்ள நேரமில்லை. அந்த ஒன்பது நிமிடத்தில் கடன் தவணை, மேனேஜர், கல்யாணப் பேச்சு எதுவும் நினைவில் நிற்காது. முடிந்ததும் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். இது வெறும் சடங்கல்ல. தன் மூக்கையும் பல்லையும் எதிராளியின் நிதானத்தை நம்பி ஒப்படைத்தவருக்குத்தான் அந்த அணைப்பு விளங்கும். கையில் 27 எலும்புகள். அவற்றைக் காக்க நாலரை மீட்டர் துணிப்பட்டையைச் சுற்ற வேண்டும். புதியவருக்கு அதைப் பழையவர்தான் சுற்றிவிடுகிறார். அங்கிருந்தே உறவு தொடங்கிவிடுகிறது.

லோயிக் வக்கான் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1988இல் சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் ஓர் ஏழைப் பேட்டையின் குத்துச்சண்டைக் கூடத்தில் போய்ச் சேர்ந்தார். பேட்டையை ஆராய ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று நுழைந்தவர், மூன்று வருடம் அங்கேயே பயிற்சி செய்து, கோல்டன் கிளவ்ஸ் போட்டியிலும் இறங்கினார். தெருவின் வன்முறை உள்ளே வராதபடி அந்தக் கூடம் எப்படி ஒழுங்கையும் மரியாதையையும் காக்கிறது என்பதை அவர் எழுதியிருக்கிறார். சண்டை கற்றால் பையன் ரௌடியாகிவிடுவான் என்று பயப்படும் தாராவிப் பெற்றோருக்கு அவர் கண்டது உதவும். அடிப்பது எவ்வளவு கஷ்டம், அடிபடுவது எவ்வளவு வலி என்று அறிந்த கை சந்துச் சண்டையில் எளிதில் உயராது. என் அனுபவமும் அதுதான்.

‘வயசாயிடுச்சே’ என்பது இருபத்தைந்து வயதுக்காரர் சொல்லும் முதல் தடை. அமெரிக்காவின் டியாண்டே வைல்டர் கையுறை மாட்டியது 2005இல், ஏறக்குறைய இருபது வயதில். மூன்று வருடத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். இங்கிலாந்தின் அந்தோணி ஜோஷுவா 18 வயதில் தொடங்கி 2012இல் லண்டனில் தங்கம் வாங்கினார். நம் குத்துச்சண்டை வீராங்கனை லவ்லினா போர்கோஹெய்ன் முதலில் கற்றது முவாய் தாய். மேரி கோம் முதலில் தடகள வீராங்கனை. 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் மணிப்பூரின் டிங்கோ சிங் வாங்கிய தங்கம்தான் மேரியைக் குத்துச்சண்டைக்கு இழுத்தது. வீட்டுக்குத் தெரியாமல் பழகி, 2000இல் மாநிலப் போட்டியில் வென்றார். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் சீனியர் பிரிவு 40 வயதுவரை போகிறது. பதக்கக் கனவே இல்லாதவருக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். ஸ்கிப்பிங் கயிறு, பேக், ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ பாக்ஸிங் மூன்றையும் எந்த வயதிலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

மும்பைக்கு இந்த விளையாட்டு அந்நியமல்ல. பம்பாய் மாகாண அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1925இலேயே உருவானது. நாட்டின் முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1950இல் இதே நகரின் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் நடந்தது. தமிழர்களுக்கும் அந்நியமல்ல. வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிகள் ‘பரம்பரை’ என்ற குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து மோதிய கதை ஊரறிந்தது. 1980இல் முகமது அலி சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். சென்னையின் வி. தேவராஜன் 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்று அர்ஜுனா விருது பெற்றார். மும்பைப் பெண்ணான கிக்பாக்ஸர் ரித்திகா சிங்தான் 2016இல் ‘இறுதிச்சுற்று’ படத்தில் வடசென்னைக் குத்துச்சண்டைக்காரியாக வந்து தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் பெற்றார்.

இயக்குநர் பா. ரஞ்சித் 2018இல் தாராவியை வைத்து ‘காலா’ எடுத்தார். 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ எடுத்தார். ஒரு படத்தில் தாராவித் தமிழன், இன்னொன்றில் குத்துச்சண்டைத் தமிழன். இந்த இருவரும் ஒரே ஆளாக ஒரு ரிங்குக்குள் நிற்பதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம் தாராவி. அங்கே இன்றும் தோல் பையும் பெல்ட்டும் செய்கிறார்கள். அந்தத் தெருப் பையன் மாட்டும் கையுறையோ மீரட்டிலோ ஜலந்தரிலோ தைக்கப்பட்டு வருகிறது.

ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. தலையில் திரும்பத் திரும்ப அடிவாங்கிய குத்துச்சண்டைக்காரர்களின் மூளைப் பாதிப்பை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். முகமது அலிக்கு 42 வயதில் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டதும் உலகுக்குத் தெரியும். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. சேர்ந்த மாதமே ஸ்பாரிங்கில் இறக்கிவிடும் கூடத்தை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். கால் நகர்வும் தற்காப்பும் படியும்வரை பேக், பேட் போதும். ஸ்பாரிங்கில் 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறை, பல் காப்பு, பக்கத்தில் பயிற்சியாளர் மூன்றும் கட்டாயம். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளரிடம் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல வாத்தியார் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் எழும் கேள்வி வேறு. ‘மூக்கு உடைஞ்சா யாருடா பொண்ணு குடுப்பா?’ மகள் சேர விரும்பினால் கேள்வி இன்னும் கடுமையாகும். அம்மாக்களின் பயத்தைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஒரு நாள் மாலை அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப்போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி கயிறு தாண்டுவதும் காலை நகர்த்துவதும்தான் என்று கண்ணால் கண்டால் பாதி பயம் போய்விடும்.

இந்த நகரத்துக்கு இவ்வளவு பொருந்தும் விளையாட்டு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், பார்பெல் வைக்க முடியாது. ஷேடோ பாக்ஸிங்குக்கு மொட்டை மாடியில் இரண்டு பாய் அகலம் போதும், கயிறு பைக்குள் அடங்கிவிடும். அதன் பிறகு வேண்டியது ரிங்கும் வாத்தியாரும். அதைத் தனியாக யாரும் செய்துகொள்ள முடியாது. ஊர் கூடித்தான் செய்ய வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். போட்டிக்கான ரிங் கயிறுகளுக்குள் 6.1 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 400 சதுர அடி. ஒரு வீட்டைவிடச் சற்றே பெரிய இடம், அவ்வளவுதான். வீட்டின் அளவுக்காகவும் கடையின் அளவுக்காகவும் பேசப் போகும் சங்கத்துப் பெரியவர்களே, அந்த 400 சதுர அடியையும் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள். சயான் - பாந்த்ரா லிங்க் ரோடு பக்கம் மாவட்ட விளையாட்டு வளாகம் இருக்கிறது; அதன் அலுவலகத்துக்குப் பிள்ளைகளோடு போய்ப் பயிற்சிக்கு நேரமும் வாத்தியாரும் கேளுங்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2025 மார்ச்சில் முடிவு செய்துவிட்டது. பையன்களும் பெண்களும் இங்கே தயாராக இருக்கிறார்கள். இடத்தைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.