மீன் தொட்டியில் துர்நாற்றம்: காரணமும் பரிகாரமும்

வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளிலும் ஆடு, கோழி வளர்க்க இடம் கிடைப்பதரிது. ஆயினும், கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துக் கப்பி, தங்கமீன் முதலியவற்றை வளர்ப்போர் அங்கு பலர் உளர். இவர்களுட் பெரும்பாலோர் எதிர்நோக்கும் தொல்லை, தொட்டியிலிருந்து எழும் துர்நாற்றமாகும்.

முறையாகப் பராமரிக்கப்படும் தொட்டி நாற்றம் வீசுவதில்லை. ஈரமண்ணின் மெல்லிய வாசனையே அதில் இருக்கும். நாற்றம் எழுமாயின், மீன்களின் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்பதே பொருள். அப்போது பலர் செய்வது யாது? நீர் முழுவதையும் கொட்டி, மணலையும் வடிகட்டியையும் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நேரே நிரப்புகின்றனர். தொட்டி பளிச்சிடுகிறது, ஆனால் சில நாட்களில் மீன்கள் மடிகின்றன, நாற்றமும் மீள்கிறது. இம்முறை ஏன் தவறானது என்பதை அறிந்தால் பரிகாரம் எளிதாகும்.

நாற்றம் உண்டாகும் விதம்

மீனின் கழிவும் தின்னாது எஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழும் நன்மை தரும் பற்றீரியாக்கள் இந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் அத்துணை தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும். சவர்க்காரமும் குளோரீன் கலந்த குழாய் நீரும் இப்பற்றீரியாக்களை அழித்துவிடுகின்றன. எனவே, தொட்டியை அடியோடு கழுவுபவர் அதன் காவற்காரரையே விரட்டியவராகிறார்.

இப்பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள நன்னீர், லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பமாகையால், உணவு விரைவில் அழுகுகிறது. ஒட்சிசனும் எளிதிற் குன்றுகிறது. கழிவு நீர் சேர்ந்து, பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது பேரே வாவியிலிருந்து வீசும் நாற்றத்தைக் கொழும்பு வாசிகள் அறிவர். கவனியாத தொட்டியில் நிகழ்வதும் அதுவே.

நாற்றத்தைக் கொண்டு காரணம் அறிதல்

அழுகிய மீனின் நாற்றம்: செடி, கல் ஆகியவற்றின் பின்னே மீனோ நத்தையோ இறந்து கிடக்கலாம், அல்லது உணவு மிகுதியாக இடப்பட்டிருக்கலாம். முதலில் மீன்களை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கூழ்முட்டை நாற்றம்: மணல் தடித்துக் காற்றோட்டமின்றிக் கறுத்துவிட்டது. அதில் ஐதரசன் சல்பைட்டு வாயு உண்டாகிறது. மீன்கள் இருக்கும்போது இம்மணலை ஒரேயடியாகக் கிளறலாகாது. வெளிப்படும் வாயு அவற்றைக் கொல்லக்கூடும்.

பூஞ்சண வாடை: கண்ணாடியிலும் மணலிலும் வழுவழுப்பான நீலப்பச்சைப் படலம் படர்ந்திருக்கும். வெயிலும் கழிவும் மிகுந்ததே காரணம். வெள்ளவத்தையிற் கடலை நோக்கிய யன்னல்களில் மாலை வெயில் நேரே விழும். அங்கே தொட்டியை வைத்தல் தகாது.

அமோனியாவைப் பொறுத்தவரை மூக்கை மட்டும் நம்புதல் கூடாது. மனிதர் அதனை உணருமுன்னரே மீன்கள் துன்புறும். அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் உடனே செயற்படவேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே தொட்டியிற் கையிடுக. கையிற் புண் இருப்பின் தவிர்க்க.

2. இறந்தவற்றையும் அழுகிய இலைகளையும் அகற்றுக. இரு நாட்களுக்கு உணவு இடற்க; நலமுள்ள வளர்ந்த மீன்கள் அதனால் இறவா.

3. இறப்பர்க் குழாயால் அடிமட்டக் கசடை உறிஞ்சி, நீரில் காற்பங்கை வெளியேற்றுக. 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள தொட்டியில் 10 அங்குல உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 47 லீற்றராகும். அதில் 12 லீற்றரை மாற்றினாற் போதும். மறுநாளும் இவ்வாறே செய்க.

4. குழாய் நீரை வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்திருந்து, அல்லது கடைகளில் விற்கப்படும் குளோரீன் நீக்கியை இட்டு ஊற்றுக. வாளியை மெல்லிய துணியால் மூடுக. நுளம்பு பெருக இடங்கொடுத்தால் டெங்குக் காய்ச்சல் வீட்டினுள் வரும்.

5. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மட்டும் இலேசாகப் பிழிந்தெடுக்க.

6. மணல் கறுத்திருப்பின் மீன்களை அதே தொட்டி நீருடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கறுத்த பகுதியை அகற்றுக. மணல் ஓர் அங்குலத் தடிப்பே போதுமானது.

மின் தடைப்படும்போது

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. இத்தகைய வேளையில் மூடிய வடிகட்டியினுள் நீர் தேங்கி, ஒட்சிசனின்றிப் பற்றீரியாக்கள் மடிந்து அழுகும். மின் மீண்டதும் அந்நீர் தொட்டியுட் பாய்ந்து நாற்றத்தையும் நஞ்சையும் பரப்பும். ஆகையால், மின்தடை பல மணி நேரம் நீடித்திருந்தால், வடிகட்டியிலுள்ள நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பின்னரே அதனை இயக்குக. மின் இல்லாதபோது உணவிடாது, கோப்பையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து இடைக்கிடை ஊற்றினால் காற்று கலக்கும்.

மீண்டும் வராது காத்தல்

இரண்டு நிமிடத்துள் மீன்கள் தின்று முடிக்கும் அளவே உணவிடுக. குழந்தைகள் ஆசையால் மேலும் மேலும் இடுவர். அவர்களுக்கு ஒரு சிறு கரண்டியை அளவாகக் கொடுத்தல் நன்று. வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றுக. வெளியேற்றும் நன்னீர், நைத்திரேற்று கலந்த நல்ல உரமாகும்; மாடி முகப்பிலுள்ள கறிவேப்பிலை, ரம்பை, மிளகாய்ச் சாடிகளுக்கு அதனை ஊற்றலாம்.

துப்புரவுக்கென ‘டேங்க் கிளீனர்’ மீனை வாங்குவோர் ஏமாறுவர். அது ஓரடிக்கு மேல் வளர்வதுடன் தானே மிகுந்த கழிவையும் இடும். பின்னர் அதனை வெள்ளவத்தைக் கால்வாயிலோ பேரே வாவியிலோ விடுவது பெருந்தீங்கு. இவ்வாறு வெளியேறிய அந்நிய மீன்கள் இலங்கையின் நீர்நிலைகளிற் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகியுள்ளன. வேண்டாத மீனை வாங்கிய கடையிலோ, வளர்க்க விரும்பும் வேறொருவரிடமோ ஒப்படைத்தலே முறையாகும்.