நாய்க்குட்டி வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் நிழலிலேயே வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டும் நாட்கள் உண்டு. அத்தகைய நாட்களில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் வாழ்வதற்கென வளர்க்கப்பட்ட செயின்ட் பெர்னார்ட் நாயை இரண்டாம் மாடி அறையில் கட்டி வைத்திருப்பதை இன்று பல நகரங்களில் காணலாம். நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அதன் பாதங்களில் சிறிதளவு வியர்வை தோன்றுமேயன்றி, உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள அஃது வாயைத் திறந்து, நாவை நீட்டி, விரைந்து மூச்சிரைப்பதையே பெரிதும் நம்பியிருக்கிறது. சுற்றியுள்ள காற்றே உடலினும் வெப்பமாகவோ ஈரம் மிகுந்ததாகவோ இருப்பின் அம்மூச்சிரைப்பின் பயனும் குறையும். இந்த ஒரு செய்தியை மனத்திற்கொண்டாலே, எந்த இனம் எவ்விடத்திற்கு ஏற்றது என்னும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நாய் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் இனத்தின் பெயரைக் கூறியே ஆலோசனை கேட்கின்றனர். களப்பணியாளர் முதலில் வினவ வேண்டுவன வேறு. நாய் எதற்காக? காவலுக்கா, ஆட்டு மந்தைக்கா, குழந்தைகளின் தோழமைக்கா? வீட்டில் முற்றம் உண்டா? பகற்பொழுதில் வீட்டில் இருப்பவர் யார்? நாய் 10 முதல் 14 ஆண்டுகள் உயிர் வாழும். அத்தனை ஆண்டுகளும் அதற்கு உணவும் மருந்தும் அளிக்க இயலுமா? இவற்றிற்கு விடை காணாமல் வாங்கப்பட்ட நாய்களுள் பல, ஓராண்டிற்குள் தெருவில் விடப்படுகின்றன.

நம் நாட்டு இனங்கள்

கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்திலுள்ள முதோல் வட்டாரத்தில் வளர்க்கப்படும் முதோல் வேட்டைநாய், பார்வையால் இரையைக் கண்டு துரத்தும் வகையைச் சார்ந்தது. ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், குட்டையான மயிர் ஆகியவை இதன் அடையாளங்கள். மராட்டியத்தில் இதனைக் காரவான் என்றும் வழங்குவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதோல் சிற்றரசர் மாலோஜிராவ் கோர்படே இவ்வினத்தை ஆதரித்துப் பெருக்கினார். இன்று அவ்வட்டாரத்து உழவர் குடும்பங்கள் பலவற்றிற்குக் குட்டி விற்பனை ஒரு துணை வருவாயாக உள்ளது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் வேட்டைநாய், ஆப்கானிய டாஸி நாயையும் ஆங்கிலேய கிரேஹவுண்டையும் கலந்து ராம்பூர் நவாபுகள் உண்டாக்கியது எனக் கூறுவர். தமிழ்நாட்டின் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இவ்வகையோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றும் கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபு வள நிறுவனத்தின் பதிவேட்டில் முதலில் இடம்பெற்ற நாயினங்கள். இமாச்சலப் பிரதேசத்து கத்தி இனம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் முதோல், ராம்பூர், இராஜபாளையம் ஆகியவற்றுடன் இமாலய ஆட்டுநாயும் இடம்பெற்றது. பள்ளியில் அஞ்சல்தலை சேர்க்கும் மாணவர்க்கு இத்தொகுதியைக் காட்டிப் பாடம் தொடங்கலாம்.

வேட்டைநாய் வகைகளைக் குறித்து மக்களிடையே இரு தவறான எண்ணங்கள் உள்ளன. விலா எலும்புகள் புலப்படுவதைக் கண்டு, நாய் பட்டினி கிடக்கிறது எனக் கருதி மேலும் மேலும் ஊட்டுவது ஒன்று. இவற்றின் இயல்பான உடலமைப்பே அதுதான். கொழுக்க வைத்தால் மூட்டுகள் கெடும். காவல்நாயாகச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டி வைப்பது மற்றொன்று. ஓடுவதற்கெனவே அமைந்த உடல் ஓடாதிருந்தால், நாய் எரிச்சல் கொண்டு கடிக்கப் பழகும். பரந்த வேலியிட்ட நிலமும், நாளும் ஓட்டத்திற்கு நேரமும் உள்ளவரே இவற்றை வாங்குதல் நன்று.

இராஜபாளையத்தின் பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் பலரைக் கவர்கின்றன. ஆயினும் முழு வெண்மை நிறத்தோடு செவிட்டுத்தன்மை பிறவியிலேயே சேர்ந்து வருவது உண்டு. குட்டி அறியாதபடி அதன் பின்னே நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். தரையில் அதிர்வோ முகத்தில் காற்றோ படாதபடி தட்டுதல் அவசியம். இல்லையேல் செவிட்டுக் குட்டியும் திரும்பிப் பார்த்துவிடும்.

கத்தி, பகர்வால் முதலிய இமயமலை ஆட்டுநாய்கள் அடர்ந்த மயிருடையவை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க, இடையர்கள் இவற்றிற்கு முள் பதித்த இரும்புப் பட்டை அணிவிப்பது வழக்கம். மலையில் இவற்றுக்கு நிகர் இல்லை. சமவெளிக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை.

எந்த இனப் பெயரும் இல்லாத நாட்டு நாயை ஒருவரும் விலை கொடுத்துக் கேட்பதில்லை. வெப்பத்தைத் தாங்குதல், எளிய உணவில் வாழ்தல், அறிமுகமில்லாதவரைக் கண்டு குரைத்தல் ஆகிய மூன்றிலும், கிராமத்து வீட்டுக்கு இதனைவிடப் பொருத்தமானது அரிது.

அயல்நாட்டு இனங்கள்

லாப்ரடார் சாதுவானது, ஆனால் உண்ணும் ஆசை அடங்காதது. விலா எலும்பைக் கையால் தடவி உணர முடியாத அளவு கொழுத்த லாப்ரடார் நோயாளியே ஆகும். அதன் தொங்கும் காதுகளில் மழைக்காலத்தில் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு என்பதை இங்குப் பலர் இன்றும் அல்சேஷியன் என்றே அழைக்கின்றனர். முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மன் என்னும் சொல்லை விரும்பாத பிரிட்டானியர் இட்ட பெயர் அது. அறிவும் விசுவாசமும் மிக்க நாய்தான். எனினும் இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்விரு இனங்களிலும் பரம்பரையாகத் தொடர்வதால், குட்டியின் தாயும் தந்தையும் நொண்டாமல் நடக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். பொமரேனியன் என நம் நாட்டில் விற்கப்படுவன பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் ஆகும். சிறு வீட்டிற்கு ஏற்றது. பக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் மூச்சிரைப்பதற்கே அல்லலுறுவன. ஹஸ்கியைப் பற்றி எழுதவே வேண்டுவதில்லை.

குட்டியைத் தெரிதல்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தலும் வேண்டும். தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் இருக்கும் அவ்வாரங்களில்தான், கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. நான்கு வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டி இதனைக் கற்காமலே வளர்ந்து, பின்னர்க் குழந்தைகளைக் கடிக்கிறது.

தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கலாகாது. கண்ணும் மூக்கும் ஒழுகாமை, ஈறு இளஞ்சிவப்பாயிருத்தல், மலவாயைச் சுற்றிய மயிர் உலர்ந்திருத்தல் ஆகியவற்றை நோக்குக. ஊதிய வயிறும் மெலிந்த முதுகும் குடற்புழுவின் அறிகுறிகள்.

தடுப்பூசியும் சீம்பாலும்

குட்டி இறப்பதற்குப் பெருங்காரணம் பார்வோ என்னும் நச்சுயிர் நோய். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலுமாகச் சில நாட்களிலேயே அது உயிரைப் பறிக்கும். "ஒரு ஊசி போட்டோமே, பின்னும் ஏன் இறந்தது?" என்று மக்கள் கேட்பது வழக்கம். இதற்கு விடை சீம்பாலில் உள்ளது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பால் வழியே தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குக் கிடைத்து, சில வாரங்கள் அதனைக் காக்கின்றன. அவை இரத்தத்தில் நிறைந்திருக்கும்போது ஊசி போட்டால், நோயைத் தடுப்பது போலவே ஊசி மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். அவை எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றில் ஆறாம் வாரத்தில், மற்றொன்றில் பதினான்காம் வாரத்தில். ஆதலின் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை ஊசி தொடர வேண்டும். இடையில் நிறுத்தியவர் ஊசி போட்டவராகார். பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றிற்கு ஒரே கூட்டு ஊசி உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பார்வோ நச்சுயிர் மண்ணில் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஒரு குட்டி இறந்த வீட்டில் தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுவதோடு, ஓராண்டு வரை ஊசி முடியாத வேறு குட்டியைக் கொண்டுவராதிருத்தல் நலம்.

உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியைத் தொற்றுகிறது. எனவே இரண்டாம் வாரத்திலேயே புழுநீக்க மருந்து தொடங்கப்படும். இப்புழுவின் முட்டைகள் மண் வழியே குழந்தைகளின் வயிற்றிலும் சேரக்கூடும் என்பதை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்த வேண்டும்.

உணவு, வெப்பம், உண்ணி

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும், பின்னர் இரண்டு முறையும் உணவளிக்கலாம். பாலும் சோறும் மட்டும் உண்டு வளரும் குட்டியின் கால்கள் வளைகின்றன. வெறும் இறைச்சியும் தீங்கே. அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. சைவக் குடும்பத்தினர் பருப்பு, தயிர் ஆகியவற்றைச் சேர்த்து, இயன்றால் முட்டையும் அளிக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இது 106ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. தள்ளாடி, எச்சில் வடிய மூச்சிரைக்கும் நாயை உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அதற்கு அடுத்த செயல்.

உண்ணியைப் பொறுத்தவரை, நாயின் உடலில் காணப்படுவது சிறுபகுதியே. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவரிடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. நாய்க்கு மட்டும் மருந்திட்டு, கூண்டின் வெடிப்புகளைப் பூசாது விடுபவர் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்க வேண்டியவரே. காய்ச்சலும், மூக்கிலிருந்து இரத்தக் கசிவும் உண்ணி பரப்பும் நோயைக் குறிக்கலாம்.

கடி நேர்ந்தால்

வெறிநோயின் அறிகுறிகள் மனிதனிடம் தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. ஆயினும் உரிய காலத்தில் தடுத்துவிட்டால் அந்நோய் வருவதுமில்லை. நச்சுயிர் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியே நமக்குள்ள வாய்ப்பு.

கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள் எதனையும் இடலாகாது. வீட்டுக் குட்டியின் நகக்கீறல் என அலட்சியம் செய்யாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலுக்குள் போடும் முறையில், முதல் நாளும் அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போடப்படுகிறது. இரத்தம் கசியும் காயமாயின், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்தப்படும். ஊசி மட்டும் போதாது. அடி வாங்க நேருமோ என்றஞ்சிக் குழந்தைகள் கடிபட்டதை மறைப்பதுண்டு. மறைத்த குழந்தைக்கு ஊசி கிடைப்பதில்லை. மாணவரிடம் ஆண்டுக்கொரு முறையேனும் இதைப் பேசுவது ஆசிரியர் கடமை.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. கூடுமானால் அதனைக் கட்டி வைத்து, உணவும் நீரும் அளித்துப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும். கடித்தபோது நச்சுயிர் எச்சிலில் இருந்திருப்பின், நாய் அந்நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். பத்து நாளும் நலமாயிருந்தால், எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் அதற்கேற்ப முடிவு செய்வார். அதற்காக முதல் ஊசியைப் பத்து நாள் தள்ளிப் போடலாகாது. கவனிப்பும் ஊசியும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.