வெள்ளிக்கிழமை பல்லாவரம் போகலாம்!

சந்தையும் உண்டு, சரித்திரமும் உண்டு

பழைய கட்டில் வேண்டுமா? பல்லாவரம் போங்கள். தையல் மிஷின் வேண்டுமா? பல்லாவரம் போங்கள். ரோஜாச் செடி, புறாக் கூண்டு, மீன் தொட்டி, பையனுக்குச் சைக்கிள், பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டி, எதுவாக இருந்தாலும் சென்னைப் பக்கத்தில் சொல்லும் பதில் ஒன்றுதான். “வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்!”

பணம் கொடுத்துச் சாமான் வாங்கப் பல பேர் அந்த ஊருக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே ஒரு மனிதர் காலணா செலவில்லாமல் தரையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அந்த ஒரு கல் இந்தியாவின் சரித்திரத்தையே பல லட்சம் ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அது என்ன கல்? அந்தக் கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் சந்தைக்குப் போவோம்.

எப்படிப் போவது?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். இந்தப் பாதையில் 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், அதற்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம்.

திரிசூலம் வந்ததும் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்க்கலாம்.

காலையில் ஆபீஸ் போகிறவர்களின் கூட்டம் மிகுதி. அதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கையில் பை, இடுப்பில் குழந்தை. அந்த நேரத்தில் டிக்கெட் வரிசையில் நிற்பது பெரும் பாடு!

சந்தை நடப்பது பழைய டிரங்க் ரோடில். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். வழி தெரியாவிட்டால் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமையன்று கேட்கவும் வேண்டாம். காலிப் பையோடு போகிறவர்கள் பின்னால் நடந்தால் போதும்.

எந்த நேரம் நல்லது?

வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டுமே சந்தை. காலையில் கூடி இரவு வரை நடக்கும். செடியும் நல்ல மரச் சாமானும் வாங்குவோர் காலையிலேயே போய்விட வேண்டும். நல்ல பொருள் முதலில் விலை போய்விடும். வெயிலும் ஏறிவிடும்.

விலை குறைய வேண்டும் என்பவர்கள் மாலையில் போகலாம். கொண்டு வந்த சாமானைத் திரும்பத் தூக்கிப் போக வியாபாரிக்கும் மனம் வராது. ஆனால் மாலையில் கூட்டம் தோளோடு தோள் இடிக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குக் காலைதான் சரி.

தொப்பி அல்லது குடை, குடிதண்ணீர், கனத்த துணிப்பை இரண்டு, சில்லறை நோட்டுகள். இவை கையில் இருக்கட்டும். பல கடைகளில் செல்போன் மூலமும் பணம் வாங்குகிறார்கள். ஆனாலும் தரையில் சாக்கு விரித்துக் கடை போட்ட பாட்டியிடம் பத்து ரூபாய்க்குக் கீரை வாங்கச் சில்லறைதான் உதவும்.

பார்த்து வாங்குங்கள்

“இது என்ன விலை, அண்ணே?”

“ஆயிரம் ரூபாய், அக்கா. தேக்கு!”

இப்படித்தான் பேரம் தொடங்கும். அவர் தேக்கு என்றதும் மயங்கிவிட வேண்டாம். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலீஷ் பளபளக்கும். உண்மை அடியில்தான் இருக்கும். பொடிப் பொடியாக மரத்தூள் கொட்டினால் பூச்சி அரித்திருக்கிறது என்று பொருள். அதை வீட்டுக்குக் கொண்டு போனால் வீட்டில் உள்ள மற்ற மரச் சாமானும் கெடும்.

தையல் மிஷின் என்றால் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். மின்விசிறி, மிக்சி போன்றவற்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட வசதி இல்லை என்றால், ‘ஓடாது’ என்று நினைத்தே விலை பேசுங்கள். ஒயர் வெடித்திருந்தால் வீட்டில் சொருகும் முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நூறு ரூபாய் லாபம் பார்த்து உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது.

செடி வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள்; இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சி ஒட்டியிருந்தால் வேண்டாம். மண் கட்டி உடையாமல், வேர் இறுகி இருக்க வேண்டும்.

பில் இல்லாத செல்போனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியவர் நீங்கள்தான்!

பிள்ளைகள் பறவை கேட்டு அடம் பிடிப்பார்கள். புறா, கோழி, வண்ண மீன் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் நம் நாட்டுப் பச்சைக் கிளி, முனியா, நட்சத்திர ஆமை ஆகியவற்றை எங்கேயும் வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பதும் குற்றம். வாங்கி வளர்ப்பதும் குற்றம்.

கட்டில், பீரோ போன்ற பெரிய சாமான் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ‘குட்டியானை’ வண்டிக்காரரிடம் முதலில் வாடகையைக் கேளுங்கள். பிறகு சாமானுக்கு விலை பேசுங்கள். சாமான் மலிவு, வண்டிக் கூலி அதிகம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்து வருந்துவோர் பலர்.

ஒரு கல்லின் கதை

இனி அந்தக் கல்லுக்கு வருவோம்.

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். பல்லாவரம் அப்போது பட்டாளம் தங்கிய ஊர். அங்கே சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் ஒருவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராபர்ட் புரூஸ் புட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. வயது முப்பது கூட ஆகவில்லை.

அவர் கையில் ஒரு கல் அகப்பட்டது. பார்ப்பதற்குச் சாதாரணக் கல். ஆனால் ஓரங்கள் செதுக்கப்பட்டிருந்தன. இயற்கை அப்படிச் செதுக்காது. அது மனிதன் செய்த வேலை! கைப்பிடி இல்லாமல், உள்ளங்கையில் பிடித்து வெட்டவும் கிழிக்கவும் பயன்படுத்திய கைக்கோடரி அது.

இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிஞர் உலகம் அறிந்த முதல் சான்று அதுவே. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்புதான், 1859இல், பிரான்சு நாட்டில் கிடைத்த இத்தகைய கருவிகள் மிகப் பழங்காலத்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியின் சூடு ஆறும் முன்னே பல்லாவரம் பதில் சொல்லிவிட்டது.

சில மாதங்களில் புட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

15 லட்சம் ஆண்டு! அப்போது நெல் விதைக்கத் தெரிந்தவர் இல்லை. பானை இல்லை. இரும்பு இல்லை. அந்தக் காலத்தில் ஒருவர் நம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறார்.

மலையும் குகையும்

பல்லாவரம் என்ற பெயரே ‘பல்லவபுரம்’ என்பதிலிருந்து வந்தது. இங்குள்ள குன்றில் ஒரு குகைக் கோயில் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. அவனுடைய விருதுப் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அந்தக் குகை முஸ்லிம் மக்கள் வழிபடும் தர்கா ஆயிற்று. பல்லவ மன்னன் வெட்டிய தூண்களின் நடுவே இன்றும் பிரார்த்தனை நடக்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அது வழிபாட்டு இடம். சத்தம் போடுவதும், கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது. வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்ப்பது மரியாதை.

இந்தப் பக்கத்துப் பாறை மிகவும் கடினமானது. அதற்குத் தனிப் பெயரே உண்டு. ‘சார்னோகைட்’ என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கல்கத்தாவில் வியாபாரத் தலம் அமைத்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்த வகைக் கல் இருக்கிறது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். நம் ஊர்க் கல்லுக்கு, கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஆங்கிலேயர் பெயர்!

பரங்கிமலைப் பகுதியில் உள்ள இந்தப் பாறை தேசியப் புவியியல் சின்னமாக மதிக்கப்படுகிறது. ஆனால் இதே பாறையை உடைத்துத்தான் சாலையும் வீடும் ஆயின. சுற்று வட்டாரத்தில் வெட்டுப்பட்ட குன்றுகளையும், தண்ணீர் நிறைந்த பழைய கல் குவாரிகளையும் காணலாம். அந்தத் தண்ணீர் ஆழமானது. பிள்ளைகளை அதன் பக்கம் விடவே கூடாது.

நேரம் மிச்சமிருந்தால் அடுத்த ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கித் திரிசூலநாதரைத் தரிசிக்கலாம். குன்றுகளுக்கு நடுவே அமைந்த சோழர் காலத்துக் கோயில் அது.

மண்ணுக்குள் பழமை, மண்ணுக்கு மேல் கவலை

பல்லாவரத்து மண்ணில் கற்கருவி மட்டும் கிடைக்கவில்லை. இரும்புக் கால மக்கள் இறந்தவர்களை வைத்துப் புதைத்த சுடுமண் பேழைகளும் கிடைத்தன. தொட்டி போன்ற உருவம். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள்.

இந்தப் பழமையால் ஊர்க்காரர்களில் சிலருக்கு ஒரு சங்கடமும் உண்டு. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட சட்டம் இப்படிச் சொல்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர் வீடு கட்ட முடியாமல் தவிக்கிறார். கட்ட விட்டாலோ, மண்ணுக்குள் இருக்கும் சான்று என்றைக்கும் திரும்பாது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆகவே, சந்தைக்குப் போன இடத்தில் “மனை மலிவு” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்று முதலில் விசாரியுங்கள். தொல்லியல் துறையின் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள், மனையைப் பற்றியும் அடி முதல் விசாரிக்க வேண்டாமா?

ஒரே நாளில் முடியாது

பல்லாவரத்துக்குப் போய் அந்தக் குழியைத் தேடினால் இன்று கிடைக்காது. எங்கும் வீடுகள், கடைகள், சாலைகள். புரூஸ் புட் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கற்கருவிகளையெல்லாம் பின்னாளில் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் கற்கருவிகளையும் சுடுமண் பேழைகளையும் பார்க்கலாம்.

ஆனால் ஒரு முக்கிய விஷயம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! சந்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான். இது தெரியாமல், சந்தை முடிந்த கையோடு மூட்டையும் முடிச்சுமாக எழும்பூரில் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சந்தை. பள்ளிக்கூடம் இல்லாத சனி அல்லது ஞாயிறு, பிள்ளைகளோடு அருங்காட்சியகம்.

அங்கே கற்கருவிகள் முன்னால் நின்று பிள்ளைகளின் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் கல்லும் அந்த உள்ளங்கைக்கு அடங்குகிற அளவுதான். அதைச் செய்தவரும் நம்மைப் போல் பசிக்கு உழைத்தவர்தான்.

வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய இரும்பைத் தட்டி நிமிர்த்தி, விலை சொல்லி நிற்பவரும் அப்படித்தான். அவரிடம் பேரம் பேசுங்கள். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.