இல்லறமும் மறைசாட்சியமும்: இலண்டன் பெண் புனிதர் இருவர்

வீரமாமுனிவர் (1680–1747) அம்மானையாகப் பாடிய கித்தேரியம்மாள், மரபுக் கதையின்படி, மணத்தை மறுத்துத் தந்தையின் சினத்திற்கு இரையான கன்னி ஆவார். உறவைத் துறந்தே புனிதம் எய்த இயலும் என்னும் எண்ணத்தை இத்தகைய வரலாறுகள் வலுப்படுத்துகின்றன. இலண்டனில் டைபர்ன் தூக்குமேடையில் உயிர்நீத்த மார்கரெட் வார்டு, ஆன் லைன் ஆகிய இருவரின் வாழ்வு இதனின்று வேறுபட்டது. பிறரை ஏற்றுப் பேணியதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

முதலாம் எலிசபெத் ஆட்சியில் 1585-இல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்து திரும்பிய கத்தோலிக்கரை அரச துரோகிகள் என்றது. அவர்களுக்கு இடமளித்தோரும் உதவினோரும் மரண தண்டனைக்கு உரியராயினர். உணவிடுதலும் உறைவிடம் அளித்தலுமாகிய அன்றாட இல்லப் பணிகளே இதனால் உயிரைப் பணயம் வைக்கும் செயல்களாயின.

மார்கரெட் வார்டு இலண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் பணிபுரிந்தவர். பிரைடுவெல் சிறையிலிருந்த வாட்சன் என்னும் குருவுக்கு உணவு கொண்டு சென்றவர், பின்னர்க் கயிறும் கொண்டு சேர்த்தார். குரு தப்பினார், விடுபட்டுப்போன கயிறு வார்டைக் காட்டிக்கொடுத்தது. குருவுடன் ஆடை மாற்றிக்கொண்ட படகோட்டி ஜான் ரோச்சும் பிடிபட்டார். வதைக்கப்பட்டும் குருவின் மறைவிடத்தை வார்டு வெளியிடவில்லை. இருவரும் 1588 ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிடப்பட்டனர்.

ஆன் லைன் கத்தோலிக்கராக மாறியமையால் தந்தைவழிச் சொத்துரிமையை இழந்தவர். நாடு கடத்தப்பட்ட கணவர் ரோஜர் 1594-இல் பிளாண்டர்சில் இறந்தார். கைம்மையுற்ற ஆன், இயேசு சபைக் குரு ஜான் ஜெரார்ட் இலண்டனில் அமைத்த மறைவில்லத்தின் பொறுப்பை ஏற்றார். வரவுசெலவு பார்த்தல், விருந்தினரைப் பேணல், ஐயுற்று வினவுவோருக்கு விடையிறுத்தல் ஆகியன அவர் பணிகள். 1601 பிப்ரவரி 2 அன்று திருப்பலிக்குத் திரண்ட கூட்டம் அயலாரின் கவனத்தை ஈர்க்க, அவர் கைதானார். நோயுற்றிருந்தமையால் நாற்காலியில் வைத்தே நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டார். பிப்ரவரி 27 அன்று தூக்குமேடையில், ஒரு குருவுக்கு இடமளித்ததற்கு வருந்தவில்லை எனவும், ஆயிரவருக்கு அளிக்க இயலாமற்போனதே வருத்தம் எனவும் அறிவித்தார்.

1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் பட்டம் அளித்த இங்கிலாந்து, வேல்சு மறைசாட்சியர் நாற்பதின்மருள் பெண்கள் மூவரே. மூன்றாமவரான யார்க் நகர மார்கரெட் கிளித்தரோவும் குருக்களுக்கு இடமளித்ததாகவே குற்றஞ்சாட்டப்பட்டவர். இறைச்சி வணிகர் ஒருவரின் மனைவி.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். அந்நோக்கிற் காணும்போது, இப்பெண்கள் குருக்களின் துணைவர் என்னும் நிலையைக் கடந்து, இல்லறத்தின் தலையாய கடனை இறுதிவரை ஆற்றியவராகத் தோன்றுகின்றனர். ஆன் லைனை இன்று அறிவதற்குப் பெரிதும் துணைபுரிவது ஜெரார்டின் இலத்தீன் தன்வரலாறு. ஓம்பியவரின் வரலாறு விருந்தினரின் எழுத்தில் எஞ்சியுள்ளது. அவர் குறிப்பாக மட்டும் சுட்டிச்செல்லும் இல்லப் பணிகளையே பெண் புனிதர் ஆய்வு முதற்சான்றுகளாகக் கொள்ளவேண்டும்.