இல்லத்தை அணிசெய்யும் ரோஜா

முற்றம் சிறிதாயினும், முன்கூட்டித் திட்டமிட்டால் அங்கே அழகிய ரோஜாத் தோட்டத்தை அமைக்கலாம். செடி வாங்குமுன் வெயிலைக் கவனியுங்கள். நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் படாவிடில் ரோஜா செழித்துப் பூக்காது. எனவே மரநிழல் கூடாது.

நீளம், அகலம், ஆழம் யாவும் 45 செ.மீ. உள்ள குழி தோண்டி, செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். செடிகளிடையே இரண்டரை அடி இடைவெளி தேவை; காற்றோட்டம் இருப்பின் கரும்புள்ளி நோய் குறையும். குட்டைச் செடிகளை முன்னும், உயரமானவற்றைப் பின்னும் நடுங்கள். கொடி ரோஜாவை வாயில் வளைவில் படரவிடுங்கள். தமிழகச் சமவெளியின் வெம்மைக்கு எட்வர்டு ரோஜா ஏற்றது.

ஒட்டுச்செடியாயின் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதன்கீழ் முளைக்கும் தளிர் அடிச்செடியினுடையது. அதன் வலிமையைக் கண்டு மகிழ்ந்து விட்டுவிடுவோர் பலர். நாளடைவில் அது உணவனைத்தையும் பறித்துக்கொள்ள, நாம் விரும்பி நட்ட ரோஜா மடிந்துபோகும். ஆகவே, கண்டவுடன் அதனை அடியோடு அகற்றுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பழைய கிளைகளைப் பாதியளவு வெட்டிக் கவாத்துச் செய்யுங்கள். நீரை இலைமீது தெளிக்காமல், காலை வேளையில் வேரடியில் ஊற்றுங்கள். அப்பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். தாம் வளர்த்த செடியின் முதல் மலரை அவர்கள் எளிதில் மறவார்.