விமானம் தவறினால் பிரயாணியின் உரிமை யாது?

நாம் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் சில கண்ணுக்குப் புலனாவன; சில புலனாகாதன. அரிசியும் துணியும் அளவிற் குறையின் அளந்து காட்டிக் கேட்கலாம். விமானச் சீட்டு வாங்குவோனோ, குறித்த நேரத்திற் குறித்த ஊரிற் சேர்ப்போம் என்னும் ஒரு வாக்கையே வாங்குகின்றான். அவ்வாக்குத் தவறுமிடத்து அவன் கேட்டுப் பெறத்தக்கது யாது? இதனை அறிந்தோர் நம்முட் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

இராமாநுசர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூர், இன்று இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளாலும் பேர்பெற்று விளங்குகின்றது. இங்குள்ள பொறியியலார் கொரியாவுக்கும் ஜெர்மனிக்கும் செல்கின்றனர். வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும், வீட்டில் நோய் என்றும் சாவு என்றும் செய்தி வருங்கால், இருந்த பணத்தைத் திரட்டி மீனம்பாக்கத்தில் விமானமேறுகின்றனர். முன்னவர்க்கு ஒருநாள் தாமதம் ஒரு கூட்டத்தை இழப்பதாகலாம். பின்னவர்க்கோ தந்தையின் முகத்தைக் கடைசி முறை காணாது போவதாகும். ஆகவே இது செல்வர்க்கு மட்டும் உரிய விஷயமன்று.

நம் தேயத்தில் இதற்கான விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டு, பின்னர்ப் பலமுறை திருத்தியுள்ளது. அவை மூன்று நிலைமைகளைப் பற்றியன.

முதலாவது, விமானம் இரத்தாதல். இரண்டு வாரத்துக்கு முன்னரோ, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னரோ அறிவிக்கப்படின், மாற்று விமானமேனும் கட்டணமேனும் பெறலாம், நஷ்டஈடு இல்லை. அவ்வாறு அறிவியாவிடின், அவற்றோடு நஷ்டஈடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், இரண்டு மணிக்கு மேற்படின் 10,000 ரூபாய் என்பது அளவு. ஆயின் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்த தொகை இதனிலும் குறைவாயின், அக்குறைந்த தொகையே கிடைக்கும். சென்னையினின்று தில்லி செல்லும் ஒருவர் அவ்வகையில் 4,000 ரூபாய் செலுத்தியிருப்பாராயின், அவர் பெறும் நஷ்டஈடு 4,000 ரூபாயே, 10,000 அன்று.

இரண்டாவது, தாமதம். உரிய நேரத்தில் நிலையத்துக்கு வந்து பதிவு செய்துகொண்டவர்க்கு, பயண நீளத்துக்கேற்ப இரண்டு, மூன்று அல்லது நான்கு மணி நேரத் தாமதத்தின்போது உணவும் சிற்றுண்டியும் அளிக்கப்படல் வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதிக்குமாயின், மாற்று விமானமேனும் முழுக் கட்டணமேனும் கேட்கலாம். 24 மணிக்கு மேற்பட்ட தாமதத்துக்கும், இரவு 8 மணி முதல் 3 மணிக்குள் புறப்படவேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதிப்பதற்கும் விடுதி வசதி தரப்படும்.

மூன்றாவது, செல்லத்தக்க சீட்டிருந்தும் இடமில்லையென மறுத்தல். ஒரு மணி நேரத்துள் மாற்று விமானம் தரப்படின் நஷ்டஈடு இல்லை. 24 மணிக்குள் தரப்படின் மேற்கூறிய கட்டணத்தின் இருமடங்கு, 10,000 ரூபாய்க்கு மேற்படாமல். அதற்கும் பிந்தின் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மேற்படாமல் வழங்கப்படும்.

இவற்றிற்கு ஒரு பெரிய விலக்குண்டு. வெள்ளம், புயல், கலகம், அரசாங்கக் கட்டளை போன்று கம்பெனியாரின் ஆளுகைக்குப் புறம்பான காரணங்களுக்கு நஷ்டஈடு இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் விழுகின்றது. அவ்வாறு சென்னை விமான நிலையத்தின் ஓர் ஓடுபாதையின் கீழாகவே ஓடுகின்றது. 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்து நிலையம் சில நாள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நிலையம் மூடப்பட்டது. அக்காலங்களில் நஷ்டஈடு கேட்க இடமில்லை. பறவாத விமானத்தின் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவோ இடமுண்டு.

ஆனால் எல்லாக் காரணமும் இயற்கையின் தலைமேல் ஏற்றத்தக்கதன்று. 2025 டிசம்பர்த் தொடக்கத்தில் இண்டிகோ கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்கேற்ப ஆட்களைத் திட்டமிடாமை அதற்கு முக்கிய காரணமாயிற்று. 24 மணிக்குள் இரத்தானவற்றுக்கு 5,000 முதல் 10,000 ரூபாய் வரை தருவதாகக் கம்பெனியாரே அறிவித்தனர். எனவே, "காரணம் யாது?" என்று எழுத்து மூலம் கேட்டு வைத்தல் பிரயாணியின் முதற் கடமையாம்.

வெளிநாடு செல்வோர் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி, அங்கிருந்து புறப்படும் எந்நாட்டு விமானத்துக்கும் அவ்விதி செல்லும். 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம், மூன்று மணி அல்லது அதற்கு மேற்பட்ட தாமதத்தையும் இரத்துக்கு ஒப்பாகக் கொண்டது. ஆகவே பிராங்க்பர்ட்டினின்று சென்னை வருவோர், விலக்கில்லாத காரணத்தால் தாமதித்துச் சேரின், 600 யூரோ வரை கேட்கலாம்.

நம் நாட்டு விதிகளில் தாமதத்துக்கு இன்ன தொகை என்று வரையறையில்லை. எனினும் சேவைக் குறைபாடு என்று, தாம் வசிக்கும் அல்லது தொழில் புரியும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். நான்கு மணி தாமதித்த இரயிலால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட ஒருவரின் வழக்கில், தாமதத்துக்குத் தக்க காரணத்தை மெய்ப்பிக்காத இரயில்வே நஷ்டஈடு தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அந்நியாயம் விமானத்துக்கும் பொருந்தும் என்பது எம் கருத்து.

செய்யவேண்டியவை சிலவே. சீட்டு, ஏறுசீட்டு, கம்பெனி அனுப்பிய செய்திகள், உணவுக்கும் வண்டிக்குமான ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. முதலிற் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுக. பின்னர் அரசாங்கத்தின் ஏர்சேவா தளத்திற் பதிவு செய்க. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் யோசனை பெறலாம். நஷ்டஈட்டைப் பணமாகவே கேட்கலாம். பயணக் கூப்பன் பெறுவது, நாம் கையொப்பமிட்டு இசைந்தால் மட்டுமே. எல்லாவற்றிற்கும் மேலாக, சீட்டு வாங்கும்போது தம் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தல் இன்றியமையாதது. தக்க தொடர்பு விவரம் தராதவர்க்கு நஷ்டஈடு இல்லையென விதியே கூறுகின்றது. தொழிற்சாலை அலுவலகமோ தரகரோ தம் எண்ணைக் கொடுத்துச் சீட்டு வாங்கிவிடின், ஏழைத் தொழிலாளியின் உரிமை அவனறியாமலே பறிபோகும்.

நம் கல்லூரியிற் பயின்று அத்தொழிற்சாலைகளிற் பணிபுரியச் செல்லும் இளைஞர் பலராவர். அவர்கள் தம்முடன் உழைப்போர்க்கு இச்சிறு செய்தியை அவரவர் மொழியில் எடுத்துரைப்பாராயின், கற்ற கல்வி பிறர்க்குப் பயன்பட்டதாகும். சட்டம் ஏட்டிலிருப்பதால் மட்டும் எவர்க்கும் நன்மையில்லை. அறிந்து கேட்பவனுக்கே அது கைகொடுக்கும்.