பஞ்சு தின்றால் பசிக்காது! மான்செஸ்டர் மில் முதல் அம்பாசமுத்திரம் தறி வரை... நாவல்கள் சொல்லும் உழைப்பாளர் கதை

அதிகாலை ஐந்தரை மணிக்கு நூம்பலில் இருந்து வேலப்பன்சாவடி மெயின் ரோட்டுக்கு வந்து பாருங்கள். ஐடி கார்டைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு, தோளில் டிபன் பாக்ஸ் பையோடு கம்பெனி பஸ்ஸுக்காக ஒரு கூட்டம் நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். பஸ் ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

இந்த பஸ்ஸுக்கும் 170 வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து நாவல்களுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

விசிறி வைக்காத முதலாளி

எலிசபெத் கேஸ்கல் எழுதிய ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலில் பெஸ்ஸி என்று ஒரு மில் பெண் வருகிறாள். பஞ்சு சிக்கெடுக்கும் அறையில் வேலை. காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலில் அடைந்து, சின்ன வயதிலேயே சாகிறாள். தூசியை வெளியே இழுக்கப் பெரிய விசிறி ஒன்று வைத்தால் போதும். சில மில்களில் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பல நூறு பவுன் செலவாகும், லாபம் வராது. அதனால் நிறைய முதலாளிகள் வைக்கவில்லை.

இதைவிட அடுத்து அவள் சொல்வதுதான் நம்மைத் தூக்கிவாரிப்போடும். விசிறி வந்த மில்லில் தொழிலாளர்களுக்கே அது பிடிக்கவில்லையாம். இவ்வளவு நாள் பஞ்சை விழுங்கி விழுங்கி வயிறு நிறைந்திருந்தது. இப்போது பசிக்கிறது, அதனால் கூலியைக் கூட்டுங்கள் என்றார்களாம்!

எந்த அறிக்கையும் இப்படி ஒரு விஷயத்தைப் பிடித்துத் தராது. கேஸ்கல் மான்செஸ்டரில் பாதிரியார் ஒருவரின் மனைவி. மில் தொழிலாளர் வீடுகளுக்குள் போய் வந்தவர். அவருடைய முதல் நாவல் ‘மேரி பார்ட்டன்’ 1848-ல் பெயர் போடாமல் வெளியானது.

சார்லஸ் டிக்கன்ஸ் கதை வேறு. அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்க, 12 வயதில் ஷூ பாலிஷ் கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிய பையன் அவர். 1854-ல் வந்த ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் தொழிலாளர்களை முதலாளிகள் ‘கைகள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலையும் வயிறும் இல்லாத வெறும் கைகள். இன்றைக்கு நம் எச்.ஆர். மெயில்களில் வரும் ‘ரிசோர்ஸ்’ என்ற வார்த்தை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆனா, ஒரு சிக்கல்

இந்த நாவல்கள் தொழிலாளிக்காக அழுகின்றன. ஆனால் அவர்கள் ஒன்றுசேர்ந்தால் பயப்படுகின்றன. ‘ஹார்ட் டைம்ஸ்’ எழுதுவதற்குச் சற்று முன் டிக்கன்ஸ் பிரெஸ்டன் நகரத்துக்குப் போய், அங்கு நடந்த பஞ்சாலைப் போராட்டத்தை நேரில் பார்த்தார். அப்படிப் பார்த்தும், நாவலில் சங்கத் தலைவரை வாய்ச்சவடால் ஆசாமியாகத்தான் காட்டினார். நல்லவனான நெசவாளி ஸ்டீபன் சங்கத்தில் சேர மாட்டான். கடைசியில் பாழடைந்த சுரங்கக் குழியில் விழுந்து சாவான். ‘மேரி பார்ட்டன்’ நாவலில் சங்கத்துக்காரர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலாளி மனம் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் இவர்கள் தரும் தீர்வு.

தமிழில் கதை இங்கேதான் திரும்புகிறது.

அம்பாசமுத்திரத்தில் என்ன நடந்தது?

1953-ல் தொ.மு.சி.ரகுநாதன் எழுதிய நாவலின் பெயரைப் பாருங்கள்: ‘பஞ்சும் பசியும்’. பெஸ்ஸி சொன்ன அதே இரண்டு வார்த்தைகள்! தற்செயல்தான், ஆனாலும் சிலிர்க்கிறது. களம், திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்கள். பாபநாசம் அருவி நீரின் விசையில் ஹார்வி சகோதரர்கள் 1880-களிலேயே நூல் மில் ஓட்டிய பகுதி அது. மில் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தறிக்காரருக்கு நூல் கட்டுபடியாகவில்லை. நெய்த துணி விற்கவில்லை, அடுப்பு எரியவில்லை.

இங்கே முதலாளி மனம் திருந்துவதற்காக யாரும் காத்திருக்கவில்லை. நெசவாளர்கள் ஒன்றுசேர்வதுதான் கதையின் போக்கே. டிக்கன்ஸ் எதைப் பார்த்து மிரண்டாரோ, அதில்தான் ரகுநாதன் நம்பிக்கை வைத்தார். கொஞ்சம் பிரசார வாடை அடிக்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் செக் மொழிவரை போன நாவல் இது.

காரணம் எளிது. கேஸ்கலும் டிக்கன்ஸும் பார்வையாளர்களாகப் போனார்கள். தமிழில் இதை எழுதிய சிலர் பிரச்சினைக்குள்ளேயே இருந்தார்கள். ‘தோல்’ எழுதிய டி.செல்வராஜ், திண்டுக்கல்லில் தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீல். அந்த நாவல், சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோல் பதப்படுத்தும் தலித் தொழிலாளர்கள் சங்கமாகும் கதை. 2012-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. வால்பாறை எஸ்டேட்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’, இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆனது. பாலாவின் ‘பரதேசி’ படம் இதிலிருந்து எடுத்ததுதான். மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் எப்படிக் கழுத்துச் சங்கிலியாகிறது என்பதை அதில் பார்க்கலாம்.

சரி, இதெல்லாம் பழைய கதைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பெண்களும் சிறுவர்களும் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் மில்லில் வேலை செய்யக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1847-ல். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது.

அடுத்த வருஷம் செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் பேச்சில் இருந்தது. ஆனால் முக்கியச் சண்டை, சங்கத்தை அங்கீகரிப்பதா வேண்டாமா என்பதில்தான். அது பதிவானது 2025 ஜனவரியில். ஸ்டீபன் சங்கத்தில் சேரலாமா என்று நாவலில் தவித்து 170 வருஷம் ஆகிறது.

திருப்பூர் பனியன் தொழிலுக்கு எம்.கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ இருக்கிறது. சாயக்கழிவுக்கு சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைக்கோ, கான்ட்ராக்ட் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யும் அசெம்பிளி லைன் பெண்ணுக்கோ அதே அளவுக்குப் பேசப்படும் ஒரு நாவலை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்கும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

எதில் தொடங்கலாம்?

என் சாய்ஸ், ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பேசி, பார்த்து எழுதியது. உப்பின் வெள்ளை வெயிலில் கண்ணைப் பறிக்கும் இடத்தில் பெண்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அவருடைய எழுத்துகளை 2009-ல் அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம், கம்பெனி பஸ்ஸில் தூக்கம் வராவிட்டால்.